பெறுபவர் நேரில் வரவில்லை

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. எந்த மனிதரையும் பெயரை வைத்து நம்பாத ஆள் அவர். மற்றவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதையைத்தான் நானும் அவருக்குக் கொடுக்கிறேன். மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் தெருவில் எல்லாரும் அவரை ‘பேங்க் கிராணி’, அதாவது வங்கிக் குமாஸ்தா, என்றார்கள். அதுவே போதும்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் மூன்று வீடுகள். காலையில் வெள்ளை டிரில் கால்சட்டையின் அடியில் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரமும் அதுதான். “என்ன டீச்சர், பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். அதே நாள் பள்ளி விட்டதும் வங்கிக்குப் போனால், பணம் அனுப்பும் கவுண்டரில் கம்பிக்குப் பின்னால் அவரே இருப்பார். தலை நிமிராமல் கேட்பார்:

“அடையாளக் கார்டு?”

முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். “என்ன கிராணி, நான்தான்!”

“நான்தான்னு எல்லாரும்தான் சொல்வாங்க. மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? நம்பரக் காட்டுங்க.”

கார்டை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முந்தின நாள் என் மகன் பிறந்தநாளுக்கு வந்து, கேசரி சாப்பிட்டு, விரலை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப்போன மனிதர்.

அது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் இருந்த காலம். கார்டு இல்லாமல் யாரும் வெளியே காலெடுத்து வைப்பதில்லை. தோட்டத்து வழியில் பேருந்தை நிறுத்தி சிப்பாய் கேட்பான், எடுத்துக் காட்டுவோம். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. அந்தச் சிப்பாய்க்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

அவருடைய பொருள்கள் எல்லாவற்றிலும் எண் இருந்தது. குடையின் கைப்பிடியில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில், சைக்கிள் பம்பில் எல்லாம் சிவப்பு மையால் அவருடைய கார்டு எண். கோயிலுக்கு வந்தால் வெளியே கழற்றிவிடும் செருப்பின் உட்புறத்திலும் இருக்கும், இடதில் பாதி, வலதில் பாதி. “ஒத்தச் செருப்பத் திருடுறவன் உண்டா?” என்று யாரோ கேலி செய்தார்கள். “திருடிட்டுப் போனாலும் பாதி நம்பர வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்?” என்றார். கல்யாண வீட்டு மொய்க்கவரில்கூட பெயர் எழுதமாட்டார். வீட்டு எண் மட்டும்தான் இருக்கும்.

வங்கியில் ஏன் இத்தனை கேள்வி என்று கோயில் வாசலிலேயே ஒருவர் அவரிடம் சண்டைக்கு வந்தார். கிராணி கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைக் காட்டிச் சொன்னார்: “உள்ள அய்யர் என்ன கேட்டாரு? பேரு, நட்சத்திரம், கோத்திரம். சாமியே கேட்டுட்டுத்தான் வாங்கிக்குது. பேங்க் கேக்கக் கூடாதா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் வாய் கசக்கிறது.

தமிழை மறந்துபோன பழைய மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் ஓர் அம்மாள் இருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். காலையில் வீடு வீடாகத் தேங்காய்ப்பூ வைத்த பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார். கிராணி வீட்டில் அது இல்லாமல் பொழுது விடியாது. அந்த அம்மாள் ஒருநாள் மருமகனுக்குப் பணம் அனுப்ப வங்கிக்கு வந்தார். கிராணி நிமிராமல் கேட்டார்:

“சியாப்பா நாமா?”

உன் பெயர் என்ன என்று கேட்கிறார். அந்த அம்மாள் வரிசைப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, ஊருக்கே கேட்கும் மலாயில் சொன்னார்: “இன்னைக்குக் காலையில என் பலகாரத்தத் தின்ன வாயி, இப்ப என் பேரு தெரியலைங்குது, பாருங்க!” வங்கியே சிரித்தது. வாசலில் ஜாகா வேலை, காவல் வேலை பார்த்த சிங்கும் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கிராணி கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். அடங்கியதும் மறுபடி, அதே குரலில்: “சியாப்பா நாமா?”

இதையெல்லாம் நான் அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் துணிக்கடைப் பாய். தாத்தா காலத்திலிருந்து மலாக்காவில் கடை வைத்திருக்கும் குடும்பம். எழுபதைத் தாண்டியவர், கை நடுக்கம் உண்டு. அவருடைய கையெழுத்து, வங்கி அட்டையில் இருபது வருடத்துக்கு முன்னால் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை. கிராணி தாளைத் திருப்பிக் கொடுத்தார். பாய் மறுபடி போட்டார். மறுபடி திருப்பிக் கொடுத்தார். ஒன்பதாவது தடவை பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த அட்டையில இருக்கிற ஆளு செத்துட்டான். நான் அவனோட அப்பன்னு வச்சிக்கயேன்.”

“அப்படின்னா வாரிசுப் பத்திரம் வேணும் பாய்,” என்றார் கிராணி.

அவர் கேலி பேசவில்லை. அவருக்குக் கேலி வராது. பாய் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்து நின்ற நான், பணம் அனுப்ப நிரப்பிய என் பாரத்தைக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “டீச்சர் எழுதினா தப்பே இருக்காது,” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மெர்டேக்காவுக்கு, நாட்டு விடுதலைக்கு முந்தின வருடம் என் மகன் மெட்ராஸில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை. என் கணவர் அலோர் காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. மாதம் இரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவார். பணம் அனுப்புவது என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிராப்ட் வாங்கித் தபாலில் அனுப்புவேன். டிராப்ட்டைக் கிழித்துக் கொடுத்தபின் மிஞ்சும் அடிக்கட்டைகளைப் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை தந்தி வந்தது. அவனோடு விடுதியில் இருந்த நண்பன் அடித்திருந்தான். காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ், உடனே அறுவை செய்யவேண்டும், முன்பணம் ஐந்நூறு ரூபாய், தந்தி மூலம் அனுப்பவும். அவ்வளவுதான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தக் காதில் சீழ் வடியும். எண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறேன். வெறும் காதுதானே என்று இருந்திருக்கிறேன்.

பள்ளிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, கையில் இருந்ததையும் வளையலை வைத்து வாங்கியதையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். வாசல் திறக்கும்போதே நின்றிருந்தேன். கிராணியிடம் தந்தியைக் காட்டினேன். படித்தார். முகத்தில் ஏதோ அசைந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கை, கார்டு கேட்டு நீண்டது. கொடுத்தேன். தந்திப் பணத்துக்கு வேறு பாரம் என்று ஒன்றை எடுத்துத் தந்தார். அதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஊர், பெறுபவர் பெயர், தொகை எல்லாம் எழுதினேன். அடுத்து ஒரு சின்னக் கட்டம். பணம் கொடுக்கும் கிளையின் எண்.

“இது எங்க இருக்கும் கிராணி?”

“பழைய டிராப்ட் அடிக்கட்ட இருந்தா அதுல இருக்கும்.”

போன தடவை வாங்கிய டிராப்ட்டின் அடிக்கட்டை, டின்னில் போடாமல், இன்னும் கைப்பையிலேயே இருந்தது. அதில் இரண்டு சின்ன எண்கள். மேலே வங்கிப் பெயரை ஒட்டி, சிவப்பில் அச்சடித்த 14. கீழே ஓரத்தில், பேனாவால் கிறுக்கியது போல 32. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது என்ன? புத்தகத்தில் அச்சில் இருப்பதை நம்பு, ஓரத்தில் யாரோ கையால் எழுதியிருப்பதை நம்பாதே. பதினேழு வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது புத்தியில் ஏறிவிட்டது. கையால் எழுதியது கிராணி தனக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு என்று நினைத்தேன். கட்டத்தில் 14 என்று எழுதினேன்.

கிராணி பாரத்தை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அது நின்றதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த விரல் என் கண்ணில் நிற்கிறது.

“கிளை எண் பதினாலு,” என்று உரக்கப் படித்தார். “சரிதானே?”

“சரி,” என்றேன்.

முத்திரை குத்தினார்.

பதினான்கு என்பது மலாக்கா கிளையின் எண். அவர் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் கிளை. ஊர் என்ற இடத்தில் மெட்ராஸ் என்றும், கிளை என்ற இடத்தில் அவருடைய சொந்த மேசையின் எண்ணும் இருந்தன. அதை அவர் வாய்விட்டு வாசித்தார். நான் தலையாட்டினேன். அவர் அனுப்பிவிட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள், ஒன்றும் காதில் ஏறவில்லை. பணம் போயிருக்கும், டாக்டர் கத்தியை எடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை இரண்டாவது தந்தி வந்தது. பணம் வரவில்லை, காய்ச்சல் அதிகம், வலிப்பு ஒருமுறை வந்தது. என் மகன் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு அந்த நண்பன் மெட்ராஸ் கிளைக்கு மூன்று நாளும் நடந்திருக்கிறான்.

மறுபடி வங்கி. “கிராணி, பணம் போய்ச் சேரலையாம்!”

புத்தகத்தைப் புரட்டினார். “திங்கக்கிழமையே அனுப்பியாச்சு டீச்சர். தந்தி போன நேரம் இருக்கு, பாருங்க.”

“போய்ச் சேர்ந்துச்சா?”

“அது பெறுபவர் கேக்க வேண்டிய கேள்வி. அனுப்புனவங்களுக்கு அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல.”

“அவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான், கிராணி! உங்களுக்குத் தெரியாதா அவன? உங்க சைக்கிள்லதானே ஓட்டிப் பழகினான்!”

“வரிசையில ஆளு நிக்கிறாங்க டீச்சர்.”

நான் வெளியே வந்து, வங்கிப் படியில் உட்கார்ந்தேன். சிங் வந்து தண்ணீர் கொடுத்தார். மெட்ராஸில் ஏதோ கோளாறு, அங்கே எவனோ சோம்பேறி உட்கார்ந்திருக்கிறான் என்று நான் நம்பினேன். மெட்ராஸ் கிளைக்காரனைத்தான் அழுதுகொண்டே திட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிராணியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாதுவான பெண். என்னை அக்கா என்பார். கையில் ஒரு கிண்ணத்தில் பால்பாயசம் இருந்தது.

“அக்கா, தம்பி ஊர்லேர்ந்து வந்துட்டானாமே? சொல்லவே இல்லையே நீங்க!”

“யார் சொன்னது?”

“இவருதான். சாப்பிடும்போது சொன்னாரு. டீச்சர் மகன் பேருல பணம் வந்து கிடக்கு, செவ்வாக்கெழமையிலேர்ந்து கிடக்கு, இன்னும் ஆளு வந்து கார்டு காட்டி வாங்கலைன்னு. அதான் வந்துட்டான் போலன்னு நெனச்சேன். அவனுக்குப் பாயசம் புடிக்குமேன்னு…”

கிண்ணம் எப்படிக் கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கையிலிருந்து விழுந்ததா, நான் தட்டிவிட்டேனா?

நடந்தது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. தந்திப் பணம் மலாக்காவிலிருந்து சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஊர்ப் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும்தான். பதினான்காம் கிளைக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அது கிராணியின் மேசைக்கே வந்தது. பெறுபவர்: என் மகன். கிராணி அதை ஒழுங்காகப் பதிவு செய்து, ஓரத்தில் ‘பெறுபவர் நேரில் வரவில்லை’ என்று எழுதி, தட்டில் வைத்துவிட்டார். மெட்ராஸில் சாகக் கிடக்கும் பையன் மலாக்காவுக்கு வந்து கார்டு காட்டுவதற்காக, அந்தத் தாள் நான்கு நாள் அங்கே காத்திருந்தது.

சனிக்கிழமை காலை வங்கியில் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். குடையால் கம்பியை அடித்தேனாம். கிராணி பின்னால் நகரவும் இல்லையாம். எனக்கு நினைவிருப்பது இரண்டே கேள்விகள்.

“வியாழக்கிழம நான் இங்க நின்னு அழுதப்ப அந்தத் தாள் எங்க இருந்துச்சு?”

“தட்டுல.”

“உங்க கைக்கு எத்தன தூரம்?”

அவர் தட்டைப் பார்த்தார். கையை விரித்து மேசைமேல் வைத்து, நிதானமாக அளந்தார்.

“ரெண்டு சாண் இருக்கும் டீச்சர்.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரே அவரைப் புகழும். நானும் அதை மறுக்கவில்லை.

பணத்தைத் திருப்புவதற்கு, அனுப்பியவர் கையெழுத்து, ரத்துப் பாரம், புதுப் பாரம் என்று நண்பகல் ஆகிவிட்டது. கட்டத்தில் 32 என்று எழுதினேன். திங்கட்கிழமை மெட்ராஸில் பணம் கிடைத்தது, செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. உயிர் பிழைத்தான். இடது காது கேட்காமல் போய்விட்டது. ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் காதும் பிழைத்திருக்குமா என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். சொல்ல முடியாது என்று பதில் எழுதினார். அவரால் சொல்ல முடியாது. என்னால் முடியும்.

வங்கிக்குப் புகார் எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. வாடிக்கையாளர் தந்த எண்ணின்படியே பணம் அனுப்பப்பட்டது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். என் கணவர் அதைப் படித்துவிட்டு, “ஒருவேள நாமதான்…” என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். கையில் வெள்ளைத் தாளும் பென்சிலும் இருந்தன. என் கணவர் உட்காரச் சொன்னார். நான் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கோப்பி கொண்டுவந்து வைத்தேன்.

“இனிமே குழப்பம் வரக்கூடாது பாருங்க,” என்று தாளில் ஒரு டிராப்ட்டை வரைந்தார். அவ்வளவு அழகாக வரைந்தார். “இது டிராப்ட் எண். இது எந்தத் தாள்னு சொல்லும், அவ்வளவுதான், ஊரப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. மேல அச்சுல இருக்கிறது கொடுத்த கிளையோட எண். ஒரு கிளைக்கு அடிச்ச புத்தகம் பூரா ஒரே எண்தான் இருக்கும், அதான் அச்சு. கீழ கையால எழுதுறது வாங்குற கிளை. ஒவ்வொரு டிராப்ட்டும் ஒவ்வொரு ஊருக்குப் போகும் இல்லையா, அத எப்படி அச்சடிக்கிறது? அதனால நாங்க கையால எழுதுறோம். ஊருப் பேரு பத்து மொழியில பத்து விதமா எழுதுவாங்க. தந்தியில ஒரு சொல்லுக்கு ஒரு காசு. அதுக்குத்தான் எண். இதத் தவிர தந்தியில ஒரு ரகசிய எண் உண்டு. தேதி, தொகை, கிளை மூணையும் சேத்துக் கணக்குப் போட்டது. அந்தப் பக்கம் அதப் போட்டுப் பாத்து, ஒத்து வந்தாத்தான் நம்ம தந்தின்னு நம்புவாங்க.”

இதைச் சொல்ல அவருக்குக் கோப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பதினேழு வருட ஆசிரியை எனக்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. நான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே கிராணி?”

அவர் உண்மையிலேயே யோசித்தார்.

“நீங்க எண் எங்க இருக்கும்னு கேட்டீங்க. எந்த எண்ணுன்னு கேக்கலையே டீச்சர். நான் படிச்சுக்கூடக் காட்டினேன். சரின்னீங்க.”

கோப்பியைக் குடித்தார். சர்க்கரை இல்லை என்பது அவருக்குத் தெரிந்ததாகவே காணோம்.

பின்னால் அவர் மனைவி என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்த முகம் என்று ஒருவருக்குக் கார்டு கேட்காமல் பணம் கொடுத்துவிட்டாராம். வந்தவன் கணக்குக்காரனின் தம்பி. அச்சு அசலாக அண்ணன் மாதிரியே இருந்தானாம். இரண்டு வருடம் சம்பள உயர்வு நிறுத்திவிட்டார்கள். மேசையிலிருந்து இறக்கி, தாள் அடுக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். “அன்னையிலேர்ந்துதான் அக்கா இப்படி ஆயிட்டாரு. மனசுல ஒண்ணும் இல்ல. பயம்தான்.”

“இரண்டு வருச சம்பள உயர்வு,” என்றேன். “சரி.” வாங்கிய கீரையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது. என் மகனுடைய கதை இருபது வயதுக்குள்ளேயே இப்படி ஆகிவிட்டது.

அவன் படிப்பை முடித்துத் திரும்பிவந்தான். கப்பலிலிருந்து இறங்கியவனை இடது பக்கமிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. அன்றிலிருந்து நான் அவனுக்கு வலது பக்கமாகத்தான் நடக்கிறேன். சைக்கிளில் அவன் டவுனுக்குப் போனால், திரும்பிவரும் வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. பின்னால் வரும் லாரி எந்தப் பக்கம் ஹார்ன் அடிக்கும் என்று யார் சொல்வார்கள்? வீட்டில் எந்தப் பாரம் வந்தாலும், மின்சார பில்லோ பள்ளிக்கூடத்துப் படிவமோ, எண்ணை எழுதிவிட்டு மூன்று தடவை சரிபார்க்கிறேன். அப்புறமும் மகனிடம் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன். என் பிள்ளையே சிரிக்கிறான். “அம்மா, அது பால் கார்டு,” என்கிறான்.

மெர்டேக்கா வந்த அடுத்த வருடம் ஊரெல்லாம் குடியுரிமைப் பேச்சாக இருந்தது. இங்கே பிறந்தவர்களுக்குக் கவலை இல்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் மனுப் போடவேண்டும். கிராணி பத்து வயதில் கப்பலேறி வந்தவர். குடியுரிமை இல்லாவிட்டால் வங்கியில் அடுத்த படிக்குப் போகமுடியாது, பிள்ளைகளுக்கும் தொல்லை என்று அவர் மனைவி முன்பே சொல்லியிருந்தார். மனுவில், அவரை நேரில் அறிந்த உள்ளூர்க்காரர்கள் இருவர் கையெழுத்துப் போடவேண்டும். ஆசிரியர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். ஒரு சனிக்கிழமை காலை, நானும் என் மகனும் பசியாறிக்கொண்டிருந்தபோது, பாரத்தோடு அவர் வந்து நின்றார்.

“டீச்சர், உங்களத்தான் நம்பி வந்தேன். பத்து வருசமா என்னத் தெரியுமே உங்களுக்கு.”

இந்த நாளுக்காக நான் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் வந்ததும் அது எனக்குப் பழக்கமான நாள் போலத்தான் இருந்தது. நிமிராமல் கையை நீட்டினேன்.

“அடையாளக் கார்டு?”

என் மகன் ரொட்டியைக் கீழே வைத்தான். கிராணியின் முகம் சிறுத்துப்போவதைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன்.

அவர் முகம் மலர்ந்திருந்தது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “அதான் முறை டீச்சர்!” என்று சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து, நான் படிக்க வசதியாக என் பக்கம் திருப்பி, மேசையில் வைத்தார். ஒருவழியாக இந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிருந்தது. நான் ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

வேறென்ன செய்ய? எழுத ஆரம்பித்தேன். கார்டைப் பார்த்து எண்ணை ஒவ்வொன்றாக எழுதினேன்.

“டீச்சர்!”

விரல் பாய்ந்து வந்து தாளில் விழுந்தது. மைகூடக் காயவில்லை. “அஞ்சாவது எண். மூணு போட்டுட்டீங்க, எட்டு. நல்லவேள பாத்தேன், இப்படியே போயிருந்தா வேற எவனோ குடிமகனாகி இருப்பான்!” என்று சிரித்தார்.

நான் அந்த விரலைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

“தப்பப் பாத்தா இப்படிச் சட்டுன்னு சொல்ல வருமா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

கேள்வி அவருக்கு விளங்கவில்லை. என் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்லும் குரலில் மெதுவாகச் சொன்னார்:

“இது என் பாரம், டீச்சர்.”

மூன்றை எட்டாகத் திருத்தினேன். கையெழுத்துப் போடவேண்டிய கோட்டுக்கு மேலே ஒரு வாக்கியம் அச்சடித்திருந்தது. மேலே குறிப்பிட்டவரை நான் நேரில் நன்றாக அறிவேன். அதை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த மலாக்கா டவுனில் அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்கமுடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.